சோதனை முடியாத மின்கலங்கள்

நான் வேலை செய்த ஆய்வு நிலையத்தில் குழாய் உலையைக் கழற்றிவிட்டார்களாம். தர்சினிதான் தொலைபேசியில் சொன்னாள். ஆராய்ச்சி மாணவியாக அங்கே வந்தவள், இப்போது அந்தப் பகுதிக்கே பொறுப்பாக இருக்கிறாள்.

"இனி மின்கலப் பொடி காய்ச்சிற வேலை இல்லை அக்கா. பூசின தகடே சுருள் சுருளா வெளியில இருந்து வருது. வெட்டி மடிக்கிறதுதான் எங்கட வேலை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "புதுசா வந்த பிள்ளையளுக்கு இந்தப் பொடியை இங்கயே செய்தவை எண்டு தெரியாது. எங்கட ஆண்டு மலருக்கு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று கேட்டாள்.

சரி என்றேன். ஆனால் எழுத இருந்தபோது பொடியைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். அப்பாவும் அண்ணரும் கடலுக்குப் போனார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஒவ்வோர் இடப்பெயர்விலும் அந்த ஆய்வுகூடம் சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியது. போரின் கடைசி நாட்களில் அதையும் மாத்தளன் பக்கத்தில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு வவுனியாவில் இந்த நிலையத்தில் ஆய்வுகூட உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மிச்சத்தைக் கணேசலிங்கம் சேர் படிப்பித்தார்.

சேர் கிளிநொச்சிக்காரர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழ் காணி பெற்று நெல் விதைத்தவர். சேர் வெளிநாட்டில் இலிதியம் மின்கலத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். திரும்பி வரும்போது, தான் படித்த ஆய்வுகூடத்தில் கழித்துவிட்ட ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தார். முன்புறம் இரண்டு றப்பர் கைகள் பொருத்திய பெட்டி அது. உள்ளே காற்றும் இல்லை, ஈரமும் இல்லை. ஆகன் வாயு மட்டுமே. எங்கள் கைகளை அந்த றப்பர் கைகளுக்குள் விட்டுத்தான் உள்ளே வேலை செய்வோம்.

அவர் எவரையும் ஒருமையில் அழைத்ததில்லை. கூட்டித் துடைக்க வருகிற பெண்ணையும் "வாங்கோ, இருங்கோ" என்பார். கோபம் வந்தால் குரல் தணியும். மிகக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடியும்வரை அறையில் ஒருவரும் அசைய மாட்டோம். 'நல்லது' என்ற சொல் அவர் வாயில் வராது. ஒரு வேலை மிகத் திறமாக அமைந்தால் "மோசமில்லை" என்பார். அந்தச் சொல்லைக் கேட்பதற்காக மாதக்கணக்கில் உழைத்திருக்கிறோம்.

முதல் நாளே ஒன்று சொன்னார். "வெளிநாட்டில இதைச் செல் எண்டு சொல்லுவினம். இங்க அந்தச் சொல் வேண்டாம், றெஜினா. நாங்கள் மின்கலம் எண்டே சொல்லுவம்." எங்கள் பக்கத்தில் செல் என்றால் வானத்திலிருந்து விழுந்து வெடிப்பது. அவர் ஏன் சொன்னார் என்று விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மின்கலத்துக்குள் இரண்டு தகடுகள் இருக்கும். ஒன்றில் காரீயம், பென்சில் கூருக்குள் இருக்கும் கரி, பூசியிருக்கும். மற்றதில் கதோட்டுப் பொடி. மின் ஏற்றும்போது இலிதியம் கதோட்டை விட்டுக் கிளம்பிக் காரீயத்துக்குள் போய் இருந்துகொள்ளும். விளக்கு எரியும்போது திரும்பி வரும். ஆகவே கதோட்டுத்தான் இலிதியத்தின் சொந்த வீடு. அந்த வீடு எதனால் கட்டப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கைத்தொலைபேசிகளில் பெரும்பாலும் கோபாற்றால் கட்டிய வீடு. அதில் இடம் தாராளம். ஆனால் சூடேறினால் அது தனக்குள் இருக்கும் ஒட்சிசனை வெளியே விடும், தீ தானே தனக்குத் தீனி போட்டுக்கொள்ளும். சேர் எடுத்துக்கொண்டது இரும்புப் பொசுபேற்று. கொள்ளளவு குறைவு, ஆனால் பொசுபரசு ஒட்சிசனை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும்.

இதை அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. நிலையத்தின் பின்னால் ஒரு பாலை மரம் நின்றது. அதற்கு அப்பால் மணலைக் குவித்து, முழுதாக மின் ஏற்றிய ஒரு தொலைபேசி மின்கலத்தை வைத்தார். நீண்ட மூங்கிலின் நுனியில் ஆணியைக் கட்டி, எங்களைத் தூர நிற்கச் சொல்லிவிட்டுக் குத்தினார். சீறிக்கொண்டு நெருப்பு எழும்பியது. மணலை அள்ளிப் போட்ட பிறகும் உள்ளிருந்து புகைந்தது. பிறகு எங்கள் மின்கலம் ஒன்றை வைத்துக் குத்தினார். உப்பியது. வெள்ளைப் புகை வந்தது. தொட முடியாத சூடு. ஆனால் நெருப்பு இல்லை.

மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்ர அப்பாவின்ர கையில எதை நம்பிக் குடுப்பன்? அதைத்தான் நாங்கள் செய்யிறம்" என்றார்.

பொடி செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இனி அங்கே செய்யப்போவதில்லை என்பதால். இலிதியம் காபனேற்று வெள்ளை. இரும்பு ஒட்சலேற்று மஞ்சள், கறிக்குப் போடும் மஞ்சள் தூள் போல. பொசுபேற்று உப்பு வெள்ளை. நாலாவது பொருள் சீனி. ஆம், தேத்தண்ணிக்குப் போடும் சீனிதான். உலைக்குள் அது கரியாகி ஒவ்வொரு மணியிலும் மெல்லிய தோல்போலப் படியும். அந்தக் கரித்தோல் இல்லாவிட்டால் இந்தப் பொடியில் மின்சாரம் நன்றாக ஓடாது. சேர் சீனிப் பையில் "உண்ணக்கூடாது" என்று எழுதி வைத்திருந்தார். அப்படியிருந்தும் காவலாளி ஒருமுறை தேத்தண்ணிக்கு எடுத்துவிட்டார். அன்று முழுவதும் சேர் அவருடைய முகத்தை வந்து வந்து பார்த்துக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் நிறுத்து, அற்ககோல் விட்டு, உருளும் சாடிக்குள் உருண்டையான மணிக்கற்களோடு போட்டு அரைப்போம். நிறுப்பது எப்போதும் இரண்டு பேர். ஒருவர் நிறுத்ததை மற்றவர் பார்க்காமல் மறுபடி நிறுக்கவேண்டும். காயவைத்துக் குழாய் உலையில் முதலில் இளஞ்சூட்டில் வைப்போம். அமோனியா மணம் வெளிக்குழாயால் வந்து நீர்ப்போத்தலுக்குள் குமிழியிடும். குமிழி நின்றால் வெளியே எடுத்து, மறுபடி அரைத்து, வில்லையாக அமுக்கி, எழுநூறு பாகைக்கு விடுவோம். அந்த நேரம் முழுவதும் ஆகன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நூலளவு காற்றுப் புகுந்தாலும் இரும்பு துருப்பிடித்த நிறத்துக்குப் போய்விடும். காலையில் முதலில் வருபவர் உலையைத் திறப்பார். சேர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன நிறம்?" என்று கேட்பார். "கறுப்பு" என்று சொல்லக் கிடைத்த காலைகள் என் சேவைக்காலத்தில் சந்தோசமான காலைகள்.

கொக்கிளாயிலிருந்து என் அண்ணர் மரியதாஸ் கண் சிகிச்சைக்காக வவுனியாவுக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். அவர் கலியாணம் செய்து அங்கேயே இருந்துவிட்டவர். கடலோடு சேரும் களப்பில் வள்ளத்தில் போய் இறால் பிடிப்பார். என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், மேசையில் எங்கள் மின்கலம் ஒன்றோடு இணைத்து எரிந்துகொண்டிருந்த சிறிய வெள்ளை விளக்கைப் பார்த்துவிட்டார். இரும்புப் பொசுபேற்று மின்கலம் மூன்று வோல்ற்றுக்குச் சற்று மேல் தரும். அந்த வகை விளக்குக்கு அது அப்படியே பொருந்தும்.

"இது எவ்வளவு நேரம் எரியும்?" என்று கேட்டார் அண்ணர்.

"முந்தநாள் பத்தவைச்சது" என்றேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். களப்பில் இரவில் வலையோடு நிற்கும் வள்ளங்களுக்கு ரோச்தான் அடையாளம் என்றும், பற்றரி செத்தால் எஞ்சின் போட்டுகள் வள்ளத்தையும் வலையையும் காணாமல் ஏறி ஓடும் என்றும் சேரிடம் சொன்னார். சேர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை கொக்கிளாய்க்குப் போனார். அண்ணரின் வள்ளத்தில் ஏறி இருந்து, விளக்கு எங்கே தொங்கும், எந்தப் பக்கம் தண்ணீர் அடிக்கும், ஈரக் கையால் எப்படிப் பிடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

முதலில் சில விளக்குகள்தான் செய்தோம். பிளாஸ்ரிக் கூட்டுக்குள் ஒரு மின்கலம், மேலே உள்ளங்கையளவு சூரியத் தகடு. ஒரு கோடை முழுவதும் பழுதில்லாமல் எரிந்தன. கரையில் மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். அந்த வருடம் மழை தொடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் செய்து அனுப்பினோம். அவற்றில் ஒன்று உப்பி, கூட்டுக்குள்ளேயே வெடித்துப் பிளந்துவிட்டது. திறந்து பார்த்தவரின் உள்ளங்கைத் தோல் வெந்துபோனது. நெருப்புப் பிடிக்கவில்லை, காயமும் ஆறிவிட்டது. ஆனால் சேர் அன்றே வாகனம் பிடித்துப் போய், அந்த மனிதரின் வீட்டு விறாந்தையில் இருந்து மன்னிப்புக் கேட்டார். எல்லா விளக்குகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த ஆராய்வு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பழுதான மின்கலங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தோம். காரீயத் தகட்டில் கறைபோலப் புள்ளிகள். அது இரும்பு என்றார் சேர். கதோட்டில் இருக்கவேண்டிய இரும்பு அங்கே எப்படி வந்தது? மின்கலத்துக்குள் ஈரம் இருந்திருக்கிறது. தகடுகளுக்கு நடுவில் நிற்கும் மின்பகு திரவம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கதோட்டைத் தின்றிருக்கிறது. சரி, ஈரம் எங்கிருந்து வந்தது? பொடியைச் சோதித்தோம், இல்லை. திரவத்தைச் சோதித்தோம், இல்லை. தகடுகளை வெற்றிட அடுப்பில் நன்றாகத்தான் உலர்த்தியிருந்தோம். கடைசியில் சேர் எதையும் சோதிப்பதை நிறுத்திவிட்டு, நாங்கள் வேலை செய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுப்பிலிருந்து தகடுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு நடைபாதை வழியாகக் கண்ணாடிப் பெட்டி இருந்த அறைக்குப் போனேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன், சேர் நடைபாதையின் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்றார், காற்றைப் பிடித்துப் பார்க்கிறவர்போல.

"இதுதான்" என்றார். கோடையில் ஒன்றும் செய்யாத அந்தச் சிறிய தூரம் மார்கழியில் மின்கலத்தைக் கொல்லப் போதுமாக இருந்தது.

"நான்தானே சேர் தட்டைக் கொண்டு போறனான்" என்றேன்.

"அடுப்பை அந்த அறையில வைக்கச் சொன்னது நான்" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுப்பைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தோம். அன்றிலிருந்து ஒரு விதியும் வந்தது. முழுச் சோதனையும் முடியாமல் ஒரு மின்கலமும் வெளியே போகாது. சோதனை என்பது, இயந்திரம் அதை ஆறுதலாக, மெல்ல மெல்ல ஏற்றி, இறக்கி, மறுபடி மறுபடி ஏற்றி, எவ்வளவு மின் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று கணினியில் கோடு போடுவது. பிறகு மின்கலத்தைச் சும்மா கிடக்கவிட்டு, வோல்ற்று தானாக இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அப்போதுதான் அது காட்டிக்கொடுக்கும். எல்லாமாகச் சில வாரங்கள் எடுக்கும். தர்சினியும் நானும் அந்த விதியைச் சரி என்று ஏற்றுக்கொண்டோம். வெந்த கையை நாங்களும் பார்த்திருந்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் புதிய முறைப்படி நிறைய மின்கலங்கள் செய்தோம். கறுப்பும் திறமான கறுப்பு. சோதனை இயந்திரத்தில் கொளுவினோம். அப்போதுதான் நாடே நின்றுபோன அந்த நெருக்கடிக் காலம் வந்தது.

அதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கோதுமை மா இல்லை. எங்கள் நிலையத்தில் எல்லாவற்றையும்விட மின்வெட்டுத்தான் பெரிய அடி. ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்கவில்லை. நாளுக்குப் பல மணி நேரம் சோதனை இயந்திரம் இருளடைந்து கிடக்கும். மின்சாரம் திரும்ப வந்ததும் கணினியில் கோடு பாதியில் அறுந்து நிற்கும். சேர் ஒவ்வொரு முறையும் சோதனையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

"விட்ட இடத்தில இருந்து தொடங்குவம் சேர்" என்றாள் தர்சினி. "கொஞ்ச நேரம் நிண்டதால என்ன வந்தது?"

"நிண்ட நேரத்தில உள்ளுக்க என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது, பிள்ளை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லேலாது."

இப்படித் தொடங்குவதும் அறுவதுமாக மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. மின்கலங்கள் இறாக்கைத் தட்டுகளில் வரிசையாகக் கிடந்தன.

பங்குனியில் ஒரு காலை அண்ணர் வந்தார். பஸ் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாட்கள் அவை. முதல்நாளே வெளிக்கிட்டு, முல்லைத்தீவில் தங்கி வந்திருந்தார். கையில் ஐஸ் கரைந்துபோன ஒரு பெட்டியில் இறால். அதைச் சேரின் மேசைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"இருங்கோ அண்ணை" என்றார் சேர்.

அண்ணர் இருக்கவில்லை. "சேர், ரோச்சுக்குப் பற்றரி இல்லை. கடையில கேட்டாச் சிரிக்கினம். இருந்தாலும் வாங்கேலாது. மண்ணெண்ணெய் இல்லாததால பெரிய போட்டுகளும் தூரப் போகாமல் களப்புக்கதான் சுத்துதுகள். நாங்கள் இருட்டுக்க வலையோட நிக்கிறம். உங்களிட்ட விளக்கு இருக்கெண்டு தங்கச்சி சொன்னவா."

"விளக்கு இருக்கு. சோதனை முடியேல்லை."

"எப்ப முடியும்?"

சேர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

"முந்தின மாதிரி மின்கலம் உப்பி ஊதினால் என்ன செய்வியள்?" என்று கேட்டார் சேர்.

"ஊதினாத் தண்ணிக்க எறிவம்."

"கையில பிடிச்சிருக்கேக்க ஊதினால்?"

"கை வெந்தால் மருந்து போடலாம், சேர்."

தர்சினி இறாக்கைப் பக்கம் பார்த்துவிட்டு, "சேர், அடுப்பு மாத்தின பிறகு செய்ததுகள்தானே. சிலதையாவது குடுப்பமே" என்றாள்.

"குடுங்கோ சேர்" என்று நானும் சொன்னேன். அவரிடம் நான் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கோபம் இருக்கவில்லை. குரல் மட்டும் மிகவும் தணிந்திருந்தது. "அண்ணை, உங்களுக்குக் குடுக்கிறதுக்குத்தான் இதுகளைச் செய்தது. ஒருக்கால் நம்பிக் குடுத்து ஒராளின்ர கையைப் பழுதாக்கினனான். இதுகளுக்குள்ள ஈரம் இருக்கோ இல்லையோ எண்டு எனக்கு இப்ப தெரியாது. தெரிஞ்ச உடன நானே கொண்டுவந்து தருவன். கொஞ்சம் பொறுங்கோ."

அண்ணர் "ஓம்" என்றார். வாதாடவில்லை. அவர் கேட்டதற்கு நியாயம் இருந்தது. சேர் சொன்னதற்கும் நியாயம் இருந்தது. இறாலைத் திருப்பிக் கொண்டு போகச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

செய்தி வந்தது சித்திரை பிறக்கச் சில நாள் இருக்கும்போது. காலையில் நான் உலையைத் திறந்துகொண்டிருந்தேன். தொலைபேசியில் அண்ணரின் மனைவி, என் மச்சாள், அழுததில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. முதல்நாள் இரவு களப்பின் வாய்ப் பக்கத்தில் அண்ணரின் வள்ளத்தின் மேல் ஓர் எஞ்சின் போட் ஏறியிருந்தது. அண்ணரின் இடது கால் எஞ்சினின் காற்றாடியில் அகப்பட்டுவிட்டது. முல்லைத்தீவில் கட்டுப்போட்டு வவுனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சேர் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. செல்லுக்கும் மிதிவெடிக்கும் தப்பி, வட்டுவாகல் பாலம் கடந்து வந்த கால் அது.

போட்டை ஓட்டியவன் யூட். அண்ணருக்குப் பக்கத்து வீட்டுப் பொடியன். வார்ட்டுக்கு வெளியே நிலத்தில் குந்தியிருந்தான். எங்களைக் கண்டதும் எழும்பி, யாரென்று தெரியாமலே சேரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சாக் காணும் ஐயா. திருப்பியிருப்பன். கும்மிருட்டு. ஒண்டும் தெரியேல்லை."

சேர் அந்தக் கையை விடுவிக்காமல் நின்றார். பிறகு உள்ளே போய் அண்ணரின் கட்டில் தலைமாட்டில் நின்றார். கடைசியில் அண்ணர்தான் கதைத்தார். மயக்க மருந்தில் நாக்குத் தடித்திருந்தது.

"சேர், விளக்கு இருந்தாலும் அவன் கண்டிருப்பான் எண்டு சொல்லேலாது. பனிப்புகாரும் இருந்தது."

சேர் தலையை அசைத்தார். சரி என்று சொல்கிறாரா, இல்லை என்று சொல்கிறாரா என்று தெரியவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போது, "அதுக்கு ஒரு சோதனையும் இல்லை, றெஜினா" என்றார்.

மின்சாரம் ஓரளவு சீராக வந்த பிறகு சோதனை முடிந்தது. கோடுகள் எல்லாம் மேசை விளிம்புபோல நேராகப் போயின. கிடக்கவிட்டுப் பார்த்தபோதும் வோல்ற்று அசையவில்லை. ஒன்றுகூடப் பழுதில்லை.

"எல்லாம் திறம் சேர்" என்று சொல்லவந்த தர்சினி பாதியில் நிறுத்திக்கொண்டாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நாங்கள் ஒருவரும் ஒரு பிழையும் செய்திருக்கவில்லை. அவர் துடைத்து முடியும்வரை எப்போதும்போல அசையாமல் நின்றோம்.

விளக்குகளைச் சொன்னபடி அவரே கொக்கிளாய்க்குக் கொண்டுபோனார். நானும் போனேன். கரையில் எல்லாருக்கும் கொடுத்தார். அண்ணர் கைத்தடிகளில் ஊன்றி வந்து ஒன்றை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆளியைப் போட்டு விளக்கை எரியவிட்டுப் பிறகு நூர்த்தார்.

"நல்லாத்தான் செய்திருக்கிறியள்" என்றார்.

அந்த வருட முடிவுக்குள் சேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் படித்தவர்கள் பலர் போனார்கள். ஆகன் சிலிண்டர் வருவதும் நின்றிருந்தது. ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. பாலை மரத்தடியில் வைத்து நான்தான், "போகாதேங்கோ சேர்" என்றேன்.

"என்னால இனி ஒரு மின்கலத்தைக் குடுக்கவும் ஏலாது, குடுக்காமல் விடவும் ஏலாது" என்றார். இப்போது கதோட்டுப் பொடியைத் தொன் கணக்கில் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைபேசி எடுப்பார். அண்ணரைக் கேட்பார். எங்கள் ஆய்வுகூடத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

அவர் போன பிறகு நானும் தர்சினியும் மிச்சமிருந்த ஆகனில் சில தடவை பொடி காய்ச்சினோம். கறுப்பாகத்தான் வந்தது, ஆனால் என்ன நிறம் என்று கேட்க ஆளில்லை. ஒருநாள் உலைக்குழாய் வெடித்தது. மாற்றுக் குழாய் வரவில்லை. நான் ஓய்வுபெறும் நாள் வந்தது.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த விதியை மாற்றச் சொல்லி இதை நான் எழுதவில்லை. அது சரியான விதி. நீங்களும் சோதனை முடியாமல் ஒன்றையும் வெளியே விடாதீர்கள். ஆனால் சரியான விதியைச் சரியாகக் கடைப்பிடித்தும் ஒரு மனிதனின் கால் போகலாம் என்பது எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் எப்படி ஒரே மனத்தில் வைத்துக்கொள்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. சேருக்கும் தெரியவில்லை. அதனால் வன்னியில் கதோட்டுப் பொடி செய்யப் படிப்பிக்கத் தெரிந்த ஒரே மனிதரை நாங்கள் இழந்தோம்.

போன மாதம் கொக்கிளாயில் அண்ணர் வீட்டில் போய் நின்றேன். செயற்கைக் காலோடு நன்றாகவே நடக்கிறார். கரையில் இறால் நிறுக்கும் இடத்தில் தராசடியில் இருக்கிறார். மத்தியானம் வேலை ஓய்ந்திருந்தது. இவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு எங்களில கோவமில்லையோ?"

அவர் தராசுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சேரில இல்லை. அந்த மனுசன் ஆஸ்பத்திரியில வந்து நிண்ட நிலையை நான் பார்த்தனான்."

"என்னில?"

கழுவிய தட்டை வெயிலில் கவிழ்த்து வைத்தார். கையைச் சாரத்தில் துடைத்தார்.

"அண்டைக்கு நான் வெறுங்கையோட திரும்பேக்க, பஸ் வெளிக்கிட்ட பிறகும் நீ யன்னலோட கூட நடந்து வந்தனி. 'கவனமாப் போங்கோ அண்ணை' எண்டு சொன்னனி."

"ஓம்" என்றேன்.

"கவனமாத்தான் போனனான், பிள்ளை."